இரண்டு மணி இரண்டு முறை வரும் இரவு

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் வீடுகளில் மாட்டும் ஹீட்டிங் கன்ட்ரோலர் ஒன்றுக்கு நீங்கள் சி மொழியில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே ஓடும் நிரல், எழுதியிருக்கிறீர்கள். அந்த நாட்டில் மார்ச் கடைசி ஞாயிறு அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பப் பின்னால் தள்ளுவார்கள்; இடைப்பட்ட காலத்தில் ஓடுவது கோடைநேரம். எஸ்டிஎம்32 வகை சிப், அதில் மின்சாரம் போனாலும் பேட்டரியில் ஓடும் கடிகாரப் பகுதி, அதாவது ஆர்டிசி. ஆர்டிசியில் ஓடுவது ஜெர்மனியின் உள்ளூர் நேரம். அக்டோபர் கடைசி ஞாயிறு அதிகாலை 3 மணி ஆனதும் கடிகாரத்தை 2 மணிக்குத் தள்ளும்படி ஒரு வரி. அன்றிரவு பல கருவிகள் 3 ஆனதும் 2, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி 3 ஆனதும் 2 என்று விடிய விடியச் செக்குமாடு போலச் சுற்றின. மார்ச்சில் வேறு கதை. மாற்றம் நடந்த இரவில் மின்சாரம் இல்லாமல் கிடந்தவை கோடை முழுக்க ஒரு மணி நேரம் பின்தங்கியே ஓடின. "மாற்றியாகிவிட்டது என்று ஒரு ஃபிளாக் வைத்தால் சரியாகிவிடுமா?" என்று கேட்கிறீர்கள்.

ஆகாது. ஃபிளாக் வைத்ததும் அக்டோபர் சுழற்சி நிற்கும். ஆனால் ஃபிளாக் ரேமில் இருந்தால் ரீசெட்டில் போய்விடும், மறுபடி ஒரு மணி நேரம் பின்னால் போகும். சரி, பேட்டரியால் அழியாமல் இருக்கும் பேக்கப் ரெஜிஸ்டரில் வைப்போம் என்றால், அந்த இரவு வீட்டுக்காரர் தானே பட்டனை அழுத்தி நேரத்தைத் திருத்தினால் ஃபிளாக்கை என்ன செய்வது? அவர் வைத்த 2:30 முதல் 2:30ஆ, இரண்டாவதா? ஃபிளாக்கை மறுபடி எப்போது அழிப்பது? மூன்று வருடம் அட்டைப்பெட்டியில் தூங்கிவிட்டு ஒரு கருவி விழித்தால் எத்தனை மாற்றங்களைத் தவறவிட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒவ்வொன்றுக்கும் ஒரு இஃப் நிபந்தனை எழுதலாம். அப்படி எழுதிய நிரலை நான் பராமரித்திருக்கிறேன், நானூறு வரி இருந்தது, யாருக்கும் தொடத் தைரியம் இல்லை.

எஸ்டிஎம்32 சிப்பில் இதற்கென்றே ஆர்டிசி கன்ட்ரோல் ரெஜிஸ்டரில் மூன்று பிட் உண்டு. ஒன்று மணியைக் கூட்டும், ஒன்று குறைக்கும், மூன்றாவது மாற்றம் செய்தாகிவிட்டதா என்று நீங்கள் குறித்துவைத்துக்கொள்ள. நீங்கள் கேட்கும் ஃபிளாக் ஹார்டுவேரிலேயே இருக்கிறது. அந்த மூன்றையும் தொடாதீர்கள் என்பதுதான் என் ஆலோசனை. ஆர்டிசி தன் பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போகும் பெட்டி. அதை வருடத்துக்கு இரண்டு முறை நாம் கையால் திருகுவதால்தான், திருகினோமா இல்லையா என்று ஞாபகம் வைக்கும் தொல்லை வருகிறது. திருகாமல் விட்டால் அந்த ஞாபகமே தேவையில்லை.

ஆகவே ஆர்டிசியில் யூடிசி நேரத்தை, அதாவது உலகம் முழுக்க ஒன்றாக ஓடும், கோடைநேரம் இல்லாத பொது நேரத்தை, வையுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் ஆஃப்செட்டை, அதாவது யூடிசிக்கும் உள்ளூர் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, கூட்டுங்கள். அந்த ஆஃப்செட்டைத் தருவது ஒரு சின்ன ஃபங்ஷன்: யூடிசி நொடி எண் (1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள்) உள்ளே போகும், 3600 அல்லது 7200 வெளியே வரும். குளோபல் வேரியபிள் எதையும் அது படிக்கக் கூடாது, எதையும் எழுதவும் கூடாது. அப்படி எழுதிவிட்டால் ரீசெட், மின்தடை, மூன்று வருடத் தூக்கம் எதுவும் அதைப் பாதிக்காது. எப்போது கேட்டாலும் அந்த நொடிக்குரிய பதிலைச் சொல்லும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு இந்த ஃபங்ஷன் எளிது. லிஸ்பனிலிருந்து ஹெல்சின்கி வரை எல்லாரும் ஒரே நொடியில் மாறுகிறார்கள்: மார்ச் கடைசி ஞாயிறு யூடிசி 01:00, அக்டோபர் கடைசி ஞாயிறு யூடிசி 01:00. கடைசி ஞாயிறு எந்தத் தேதி என்பதற்கு லூப்கூட வேண்டாம். முழு எண் வகுத்தலில் (% என்றால் வகுத்த மீதி), மார்ச்சுக்கு 31 − ((5 × ஆண்டு ÷ 4 + 4) % 7), அக்டோபருக்கு 31 − ((5 × ஆண்டு ÷ 4 + 1) % 7). 2025ஐப் போட்டுப் பாருங்கள். 5 × 2025 ÷ 4 என்பது 2531. நான்கைக் கூட்டி ஏழால் வகுத்தால் மீதி 1, மார்ச் 30. அக்டோபருக்கு மீதி 5, அக்டோபர் 26. காலண்டரில் இரண்டும் ஞாயிறுதான். இந்தச் சூத்திரம் 2099 வரை தாங்கும், அதற்குள் உங்கள் கருவி பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, ஒப்பிடுவதும் யூடிசியில்தான் என்பது. "உள்ளூர் நேரம் 3 ஆகிவிட்டதா" என்று கேட்டதுதான் உங்கள் பழைய கோடின் கோளாறு. அந்த இரவில் உள்ளூர் 3 மணியை நோக்கி இரண்டு முறை போவோம். யூடிசி 01:00 ஒரே ஒரு முறைதான் வரும்.

நொடி எண்ணிலிருந்து தேதியைப் பிரித்தெடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. இதை ஆண்டு ஆண்டாகக் கழிக்கும் வைல் லூப்பாக எழுதும் பழக்கம் நம்மிடம் உண்டு. மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி ஸூன் மியூசிக் பிளேயர்கள் 2008 டிசம்பர் 31 அன்று மொத்தமாக உறைந்துபோனது அப்படிப்பட்ட ஒரு லூப்பால்தான். லீப் ஆண்டில் 366ஆவது நாள் வந்தபோது, நாள் 365ஐ விடப் பெரிது என்பதால் லூப்புக்குள் நுழைந்தது. 366ஐ விடப் பெரிதில்லை என்பதால் எதையும் கழிக்காமல் அங்கேயே சுற்றியது. லூப் இல்லாமலே செய்யலாம். ஆண்டு மார்ச் 1இல் தொடங்குவதாக வைத்துக்கொண்டால் லீப் நாள் ஆண்டின் கடைசியில் போய் ஒட்டிக்கொள்ளும், 400 ஆண்டுக்கு 146097 நாள் என்ற கணக்கில் வகுத்தல், பெருக்கல் மட்டும் போதும். கிழமை இன்னும் எளிது: 1970 ஜனவரி 1 வியாழன், ஆகவே அன்றிலிருந்து எண்ணிய நாள் எண்ணோடு 4ஐக் கூட்டி 7ஆல் வகுத்த மீதி, ஞாயிறு 0.

ஜெர்மனியோடு நிற்கப்போகிறோம் என்றால் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். நிற்காது, விற்பனைப் பிரிவு விடாது. அடுத்த வருடம் ஆஸ்திரேலியா என்பார்கள். அங்கே கோடை டிசம்பரில், அதாவது கோடைநேரம் அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடியும். தொடக்கம் முடிவுக்கு முன்னால் வரும் என்று நம்பி எழுதிய ஒப்பீடு அங்கே தலைகீழாகும். அதே நாட்டின் லார்ட் ஹோவ் தீவில் கோடைநேரம் அரை மணி நேரம் மட்டும். அயர்லாந்து சட்டப்படி கோடை நேரமே சாதாரண நேரம், குளிர்காலம்தான் விதிவிலக்கு; எல்லா நாடுகளின் நேர விதிகளையும் தொகுத்த டைம் ஸோன் தரவுத்தளத்திலும் அப்படியே பதிவாகியிருக்கிறது. கோடைநேரம் என்றால் எப்போதும் ஒரு மணி நேரம் கூட்டல் என்று எழுதியவர்கள் அங்கே இடறுவார்கள்.

நாட்டுக்கு ஒரு இஃப் எழுதாதீர்கள். விதியைக் கோடிலிருந்து எடுத்துத் தரவாக வையுங்கள். இதற்கு யுனிக்ஸ் உலகில் பல காலமாக ஒரு சுருக்க எழுத்து இருக்கிறது, போசிக்ஸ் டிஇஸட் ஸ்ட்ரிங் என்பார்கள். பெர்லினுக்கான வரி, தமிழ் எழுத்தில் சொன்னால், சிஇடி-1சிஇஎஸ்டி,எம்3.5.0,எம்10.5.0/3. எம்3.5.0 என்றால் மூன்றாவது மாதம், ஐந்தாவது வாரம், ஞாயிறு. ஐந்து என்பது கடைசி என்று பொருள், அந்த மாதத்தில் ஐந்தாவது ஞாயிறு இருக்கிறதா என்று தேடக் கூடாது. நேரம் குறிப்பிடாவிட்டால் 2 மணி. கடைசியில் உள்ள /3 என்பது அந்த நொடிக்கு முன்பு சுவரில் ஓடும் கடிகாரத்தின்படி 3 மணி.

அந்த -1 எல்லோரையும் ஒருமுறையாவது ஏமாற்றும். பெர்லின் யூடிசிக்கு ஒரு மணி நேரம் முன்னால்தானே, பிறகு ஏன் கழித்தல் குறி? இந்த எழுத்துமுறையில் கிரீன்விச்சுக்கு மேற்கே போனால் கூட்டல், கிழக்கே கழித்தல். உள்ளூர் நேரத்தோடு எதைக் கூட்டினால் யூடிசி கிடைக்கும் என்பதை எழுதுகிறார்கள். இந்தியாவுக்கு ஐஎஸ்டி-5:30. குறியை மாற்றிப் போட்டால் சென்னையில் பதினொரு மணி நேரம் தவறும், உடனே தெரிந்துவிடும். லண்டனில் சோதித்தால் எப்படிப் போட்டாலும் சரியாகவே இருக்கும், அதுதான் ஆபத்து.

ஒவ்வொரு ஊருக்கும் இந்த வரியை எங்கே எடுப்பது? உங்கள் லினக்ஸ் கம்ப்யூட்டரிலேயே இருக்கிறது. டைம் ஸோன் கோப்புகள் பைனரிதான், ஆனால் இப்போதைய வடிவத்தில் ஒவ்வொரு கோப்பின் கடைசி வரியும் இந்த ஸ்ட்ரிங்தான். ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, ஊர் பெயரும் ஸ்ட்ரிங்கும் கொண்ட அட்டவணையாக மாற்றிக்கொள்ளுங்கள். பல ஊர்களுக்கு ஒரே ஸ்ட்ரிங் என்பதால் சேர்த்துவிட்டால் சில கிலோபைட்தான். 1916இல் ஜெர்மனி முதன்முதலாகக் கோடைநேரம் கொண்டுவந்ததிலிருந்து எல்லா வரலாறும் முழுத் தரவுத்தளத்தில் இருக்கிறது, ஒரு ஹீட்டருக்கு அந்த வரலாறு எதற்கு?

அட்டவணையை ஃபர்ம்வேர் இமேஜுக்குள் புதைக்காமல் தனி ஃபிளாஷ் பக்கத்தில் வையுங்கள். அரசுகள் விதியை மாற்றும், சில சமயம் முன்னறிவிப்பே இல்லாமல். அமெரிக்கா 2005இல் சட்டம் போட்டு 2007இல் மாற்றியது, ஏப்ரல் முதல் ஞாயிறு மார்ச் இரண்டாவது ஞாயிறானது, அக்டோபர் கடைசி நவம்பர் முதலானது. அதாவது இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள், அப்படியும் விதியை உள்ளே புதைத்து விற்ற அலாரம் கடிகாரங்கள் வசந்தத்தில் சில வாரமும் இலையுதிர் காலத்தில் ஒரு வாரமும் தவறு காட்டின. 2023 மார்ச்சில் லெபனான் அரசு மாற்றத்துக்குச் சில நாள் முன்பு ரமலான் முடியும் வரை தள்ளிவைப்பதாக அறிவித்தது. நாட்டில் பாதிப் பேர் கேட்கவில்லை, ஒரே ஊரில் இரண்டு நேரம் ஓடியது, சில நாளில் அரசே பின்வாங்கியது. ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019இல் கோடைநேரத்தையே ஒழிக்க வாக்களித்தது, உறுப்பு நாடுகள் ஒத்துவராமல் அப்படியே கிடக்கிறது. நீங்கள் விற்பது பதினைந்து வருடம் சுவரில் இருக்கப்போகும் பெட்டி. மொராக்கோவுக்கு விற்கப்போகிறீர்கள் என்றால் ஸ்ட்ரிங்கே போதாது. அங்கே ரமலான் மாதத்தில் மட்டும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும், அது ஒவ்வொரு ஆண்டும் நகரும். தேதிகளையே பட்டியலாக வைக்க வேண்டும்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்ப் பிரச்சினை என்று நம் ஊரில் நினைப்பதுண்டு. இலங்கை 1996இல் ஒரே ஆண்டுக்குள் 5:30இலிருந்து 6:30க்கும், பிறகு 6க்கும் போய், 2006இல் மறுபடி 5:30க்கு வந்தது. இந்தியாவிலும் இரண்டாம் உலகப் போரின்போது 6:30 ஓடியது.

லைப்ரரியைப் பற்றிச் சுருக்கமாக. சின்ன சிப்களுக்கான சி லைப்ரரியான நியூலிப் உங்களிடம் இருந்தால் டிஇஸட் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அந்த ஸ்ட்ரிங்கைப் போட்டு, டிஇஸட்செட் ஃபங்ஷனை அழைத்தால், உள்ளூர் நேரம் தரும் லோக்கல்டைம் ஃபங்ஷன் வேலை செய்யும். ஈஎஸ்பி32 சிப்புக்கு எழுதுபவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த வேரியபிளை வைக்கும் செட்என்வ், ஓடும்போது நினைவகம் ஒதுக்கும் ஹீப்பிலிருந்து இடம் எடுக்கும், ஹீப்பே இல்லாத திட்டங்களில் அது தடை. வெறும் லோக்கல்டைம் ஒரே ஸ்டாட்டிக் பஃபரைத் திருப்பித் தருவதால், பல வேலைகளை மாற்றி மாற்றி ஓட்டும் ஆர்டிஓஎஸ்ஸில் இரண்டு டாஸ்க் ஒரே நேரத்தில் அழைத்தால் ஒன்றின் விடை மற்றதில் கலக்கும். பெயரின் கடைசியில் ஆர் சேர்ந்த வடிவத்தை மட்டும் பயன்படுத்துங்கள். ஏவிஆர் சிப்களுக்கான லைப்ரரியான ஏவிஆர் லிப்சியில் காலம் 1970இல் தொடங்காது, 2000 ஜனவரி 1இல் தொடங்கும், 946684800 நொடி வித்தியாசம். கோடைநேரத்துக்கு ஒரு ஃபங்ஷனின் முகவரியைக் கொடுக்கச் சொல்லும், ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆயத்த ஹெடர்களும் அதிலேயே உண்டு. நான் பெரும்பாலும் ஸ்ட்ரிங்கைப் படிக்கும் பார்சரை நானே எழுதிவிடுவேன். இருநூறு வரிக்குள் வரும், என்விரான்மென்ட் வேரியபிள் இல்லாத இடத்தில் அதைப் போலியாக உருவாக்குவதை விட நல்லது.

இப்போது முக்கியமான பகுதி. "எல்லாவற்றையும் யூடிசியில் வை" என்ற அறிவுரை எல்லா இடத்திலும் கிடைக்கும், அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது பாதிதான். ஏற்கெனவே நடந்தவற்றுக்கு அது சரி: எப்போது பர்னர் எரிந்தது, எப்போது சென்சார் பழுதானது. நடக்கப்போவதற்கு அது தவறு. வீட்டம்மா "காலை 6 மணிக்கு வீடு சூடாக இருக்கணும்" என்று வைத்தால், அவர் சொல்வது சுவரில் உள்ள கடிகாரத்தின் 6 மணி. பிப்ரவரியில் அதை யூடிசி 05:00 என்று மாற்றிச் சேமித்துவிட்டால், ஏப்ரலில் வீடு 7 மணிக்குத்தான் சூடாகும். ஆகவே கால அட்டவணையை அவர் சொன்னபடியே வையுங்கள்: கிழமை, மணி, நிமிடம். யூடிசிக்கு மாற்றுவது கடைசி நிமிட வேலை. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்தது எந்த உள்ளூர் தேதி, எந்த மணி என்று பார்த்து, அதை யூடிசி நொடியாக மாற்றி, ஆர்டிசி அலாரத்தில் அந்த நொடியை வையுங்கள். ஸோன் அட்டவணை மாறினாலோ, பயனர் ஊரை மாற்றினாலோ, நேரம் திருத்தப்பட்டாலோ அலாரத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கணக்கிட வேண்டும்.

உள்ளூர் நேரத்தை யூடிசியாக மாற்றுவதில்தான் நியாயமான சிக்கல் இருக்கிறது. யூடிசியிலிருந்து உள்ளூருக்கு எப்போதும் ஒரே விடை. எதிர்த்திசையில் ஒன்று, இரண்டு, அல்லது விடையே இல்லாமலும் போகலாம். உள்ளூர் நேரத்தை நொடி எண்ணாக மாற்றும் எம்கேடைம் ஃபங்ஷனில் கோடைநேர ஃபிளாக்கை -1 என்று வைத்தால் நீயே முடிவுசெய் என்று பொருள். எப்படி முடிவுசெய்யும் என்பது லைப்ரரிக்கு லைப்ரரி மாறும். அதை நம்பாமல் நான் செய்வது இது. கொடுத்த உள்ளூர் நேரத்திலிருந்து குளிர்கால ஆஃப்செட்டைக் கழித்து ஒரு யூடிசி ஊகம், கோடைகால ஆஃப்செட்டைக் கழித்து இன்னொரு ஊகம். இரண்டையும் மேலே சொன்ன ஃபங்ஷனிடம் கொடுத்து, நான் கழித்த ஆஃப்செட்டையே நீ சொல்கிறாயா என்று கேட்பது.

2025 அக்டோபர் 26 பெர்லின் 02:30ஐ எடுங்கள். குளிர்கால ஊகம் யூடிசி 01:30. அந்நேரம் குளிர்கால நேரம்தான், பொருந்துகிறது. கோடை ஊகம் யூடிசி 00:30. அந்நேரம் இன்னும் கோடைநேரம்தான், அதுவும் பொருந்துகிறது. இரண்டும் சரி, ஆகவே அந்த மணி இரண்டு முறை வருகிறது. மார்ச் 30, 02:30ஐப் போடுங்கள். குளிர்கால ஊகம் யூடிசி 01:30, அதற்குள் கோடைநேரம் வந்துவிட்டது, பொருந்தவில்லை. கோடை ஊகம் 00:30, அப்போது கோடைநேரம் வரவில்லை, அதுவும் பொருந்தவில்லை. அப்படியொரு நேரமே அன்று இல்லை. மற்ற எல்லா நாளிலும் சரியாக ஒன்றுதான் பொருந்தும். நான்கைந்து வரி கோடு, எந்த நாட்டுக்கும் ஓடும், அரை மணி நேரத் தீவுக்கும் அயர்லாந்துக்கும் சேர்த்து.

இரண்டு விடை வந்தால் என்ன செய்வது என்பது கணக்கு சொல்லாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும், எழுதியும் வைக்க வேண்டும். ஹீட்டருக்கு என் தேர்வு: இரண்டு வந்தால் முதலாவதில் மட்டும் செய், இல்லாத நேரம் என்றால் மாற்றம் நடந்த நொடியிலேயே, அதாவது உள்ளூர் 03:00க்குச் செய். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் யுனிக்ஸின் கிரான் நிரலில் பரவலாக ஓடும் ஒரு வகையும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்துகொள்கிறது. மருந்து செலுத்தும் பம்ப் என்றால் வேறு முடிவு, அங்கே "எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை" என்பதுதான் உண்மையான விதி, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவே கூடாது. "ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் பம்பை ஓட்டு", "பட்டனை 3 விநாடி அழுத்தினால்", "சர்வர் 30 விநாடியில் பதில் தராவிட்டால்" போன்றவையும் அப்படியே. அவை நேரம் திருத்தினாலும் மாறாமல் எண்ணிக்கொண்டே போகும் சிஸ்டம் டிக்கில் ஓட வேண்டும். யூடிசியில்கூட வைக்காதீர்கள், நேரம் சின்க் ஆகும்போது யூடிசியும் குதிக்கும்.

நாளின் நீளம் பற்றி எனக்கு நேர்ந்த ஒன்று. முன்பு ஒரு நிறுவனத்தில் மின் அளவீட்டு லாகர் செய்தோம், 15 நிமிடத்துக்கு ஒரு அளவு. நாளுக்கு 96, ஆகவே அவற்றை வைக்கும் அர்ரேயில் 96 இடம். அக்டோபர் கடைசி ஞாயிறு 25 மணி நேரம், 100 அளவு. கடைசி நான்கும் அர்ரேயைத் தாண்டிப் பக்கத்தில் இருந்த அளவுத்திருத்த எண்ணின் மேல் எழுதப்பட்டன. திங்கட்கிழமையிலிருந்து மீட்டர்கள் விசித்திரமான எண்களைக் காட்டின, இரண்டு வாரம் சென்சாரைச் சந்தேகித்துக்கொண்டிருந்தோம். மார்ச்சில் 92 என்பதால் நான்கு இடத்தில் முந்தைய நாளின் எண் அப்படியே கிடந்தது, அதை யாருமே கவனிக்கவில்லை. பதிவுகளை யூடிசியோடு வையுங்கள், "நாள்" என்பது அறிக்கை அச்சிடும்போது மட்டும் வரட்டும், அர்ரே 100 ஆகட்டும். ஜெர்மனியில் அந்த இரட்டை மணிக்குப் பெயரே வைத்திருக்கிறார்கள்: முதலாவது 2ஏ, இரண்டாவது 2பி. உங்கள் திரையில் இடம் இருந்தால் அப்படியே காட்டலாம், வீட்டுக்காரருக்குப் புரியும்.

நேரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு மூலமும் வேறு மொழி பேசுகிறது. இன்டர்நெட் வழியே நேரம் தரும் என்டிபி யூடிசி மட்டும் தரும், ஸோன் பற்றி ஒன்றும் சொல்லாது. அதன் எண்ணிக்கை 1900இல் தொடங்குகிறது, 2208988800ஐக் கழிக்க மறக்காதீர்கள், 2036 பிப்ரவரியில் அது பூஜ்யத்துக்குத் திரும்பும் என்பதையும். மொபைல் மோடம் கடிகாரக் கட்டளைக்குத் தரும் பதிலில் ஸோன் கால் மணிக் கணக்கில் வரும்: இந்தியாவில் 22, ஜெர்மனியில் குளிர்காலம் 4, கோடையில் 8. சில மோடம்கள் அதே பதிலில் உள்ளூர் நேரத்தையும், சில யூடிசியையும் தருகின்றன. மேஜையில் வைத்து உங்கள் மாடலையே சோதித்துப் பாருங்கள்.

ஜெர்மனி என்பதால் டிசிஎஃப்77ஐ நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஃபிராங்க்ஃபர்ட் அருகே மைன்ஃப்ளிங்கனிலிருந்து 77.5 கிலோஹெர்ட்ஸில் வரும் நேர சிக்னல், நொடிக்கு ஒரு பிட், ஒரு நிமிடத்துக்கு ஒரு முழுத் தகவல். மலிவான ரிசீவர், இன்டர்நெட் வேண்டாம். அது தருவது உள்ளூர் நேரம், ஆனால் குழப்பமில்லாத உள்ளூர் நேரம்: 17ஆவது பிட் 1 என்றால் கோடைநேரம், 18ஆவது 1 என்றால் சாதாரண நேரம், மாற்றத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் முழுக்க 16ஆவது பிட் 1 ஆக இருக்கும். 17ஐப் பார்த்து 7200 அல்லது 3600ஐக் கழித்தால் உடனே யூடிசி. 2ஏவா 2பியா என்ற கேள்வி அங்கே எழாது. இரண்டு பிட்டும் ஒரே மதிப்பில் வந்தால் அது சத்தம், அந்த நிமிடத்தைத் தூக்கி எறியுங்கள்.

எதுவும் கிடைக்காத வீட்டில் ஆர்டிசி மட்டுமே கதி. சாதாரண 32768 ஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் பிழை 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) என்றால் வருடத்துக்குப் பத்து நிமிடம் வரை நகரும். டிஎஸ்3231 போன்ற வெப்பம் ஈடுசெய்யும் சிப்பில் ஒரு நிமிடம்தான், விலை கூட. எஸ்டிஎம்32 ஆர்டிசியைப் படிக்கும்போது முதலில் நேரம், பிறகு கட்டாயம் தேதி. நேரத்தைப் படித்ததும் தேதி ரெஜிஸ்டர் பூட்டிக்கொள்ளும், தேதியைப் படித்தால்தான் திறக்கும். அப்புறம் கணக்கிடும் நேர வேரியபிள் 64 பிட்டா என்று உங்கள் கம்பைலரில் அச்சிட்டுப் பாருங்கள். 32 பிட் குறியுள்ள எண் 2038 ஜனவரி 19 யூடிசி 03:14:07க்கு நிரம்பும். பதினைந்து வருடப் பெட்டி என்று சொன்னோமே, அது அந்தப் பக்கம்தான் போய் நிற்கும்.

சோதனைக்கு மார்ச் வரை காத்திருக்க வேண்டாம். நேரக் கணக்கு முழுவதையும் ஹார்டுவேர் தொடாத ஒரு சி கோப்பில் வையுங்கள், "இப்போது" என்பதை எப்போதும் அளவுருவாகக் கொடுங்கள். அந்தக் கோப்பைக் கம்ப்யூட்டரில் கம்பைல் செய்து, ஒரு வருடத்தின் ஒவ்வொரு நொடிக்கும் உங்கள் விடையையும் கம்ப்யூட்டரின் விடையையும் ஒப்பிடுங்கள். மூன்று கோடிச் சொச்சம் நொடி, டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும். பெர்லின், சிட்னி, லார்ட் ஹோவ், டப்ளின், காத்மண்டு ஐந்தும் தேறினால் மற்றவை தேறும். காத்மண்டுவின் 5:45 மட்டுமே பல பேருடைய "மணி நேரம் முழு எண்" நம்பிக்கையை உடைக்கும்.

கடைசியாக, ஏற்கெனவே வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கும் கருவிகள். அவற்றின் ஆர்டிசியில் இப்போது உள்ளூர் நேரம். புதிய ஃபர்ம்வேர் முதன்முறை விழிக்கும்போது அதை யூடிசியாக மாற்றி, பேக்கப் ரெஜிஸ்டரில் ஒரு அடையாள எண்ணை எழுத வேண்டும். ஆர்டிசியை எழுதியதற்கும் அடையாளத்தை எழுதியதற்கும் நடுவில் மின்சாரம் போனால் இரண்டாவது முறையும் மாற்றிவிடும், ஆகவே தொடங்குமுன் "வேலை நடக்கிறது" என்று வேறொரு எண்ணை எழுதுங்கள். விழிக்கும்போது அந்த எண் கிடந்தால் நேரத்தை நம்பாதீர்கள், திரையில் கோடு கோடாகக் காட்டிவிட்டு சிக்னல் வரும் வரை காத்திருங்கள். மார்ச்சிலிருந்து ஒரு மணி நேரம் பின்தங்கி ஓடும் அந்தக் கருவிகளுக்கும் அதே கதிதான் சரி, அவற்றின் தவறான நேரத்தை மாற்றினாலும் தவறாகத்தான் வரும். எது பின்தங்கியது என்று உள்ளிருந்து தெரியாது, முதல் சின்க் வரை எல்லாவற்றையும் சந்தேகக் கணக்கிலேயே வையுங்கள். அப்புறம் இந்த அப்டேட்டை ஜூனிலோ ஜூலையிலோ அனுப்பிவிடுங்கள். அக்டோபர் கடைசி வாரம் வேண்டாம்.